திவால் நோட்டீஸ் வந்தால்: அது செல்லுமா, செல்லாதா என்று பார்ப்பது எப்படி?

மலேசியாவில் கடன் வழக்கில் தோற்ற ஒருவரை வைத்துக்கொள்வோம். 'இவ்வளவு தொகையைக் கட்டு' என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அவரால் கட்ட முடியவில்லை. கொஞ்ச காலம் கழித்து யாரோ ஒருவர் அவரைத் தேடி வந்து, பெயரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, உயர் நீதிமன்ற முத்திரை போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தத் தாள்தான் திவால் நோட்டீஸ். வங்கியிலிருந்து வரும் இன்னொரு நினைவூட்டுக் கடிதம் என்று எண்ணி, பலரும் அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. அது கைக்கு வந்ததுமே 7 நாள் கெடு ஓட ஆரம்பித்துவிடுகிறது. நோட்டீஸ் செல்லாது என்று வாதிட நல்ல காரணம் இருந்தால்கூட, அந்த 7 நாளில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் சில காரணங்கள் கைநழுவிப் போய்விடும்.

முதலில் ஒரு தெளிவு. திவால் நோட்டீஸ் வந்துவிட்டதால் ஒருவர் திவாலாகிவிடுவதில்லை. அது ஒரு கோரிக்கை மட்டுமே: தீர்ப்பின்படி உள்ள கடனைக் கட்டு, அல்லது அதற்குப் பிணை கொடு, அல்லது கடன் கொடுத்தவர் ஏற்கும்படி ஓர் உடன்பாட்டுக்கு வா. இவற்றில் எதுவும் 7 நாளுக்குள் நடக்காவிட்டால், சட்டத்தின் பார்வையில் அவர் ஒரு 'திவால் செயலை'ப் புரிந்தவர் ஆகிறார். அந்தச் செயலை ஆதாரமாகக் காட்டி, அதிலிருந்து 6 மாதத்துக்குள் கடன் கொடுத்தவர் உயர் நீதிமன்றத்தில் திவால் மனுப் போடலாம். மனு விசாரணைக்கு வந்து நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் அவர் திவாலானவர். வரிசை இதுதான்: தீர்ப்பு, நோட்டீஸ், 7 நாள், மனு, உத்தரவு. நோட்டீஸ் செல்லாது என்று ஆகிவிட்டால் அதன் மேல் போட்ட மனுவும் நிற்காது. நோட்டீஸின் செல்லுபடி பற்றி இவ்வளவு வழக்குகள் நடப்பது இதனால்தான்.

இதற்கான சட்டம் 1967ஆம் ஆண்டுச் சட்டம். திவால் சட்டம் என்றே நீண்ட காலம் வழங்கிவந்தது. 2017 அக்டோபர் 6 முதல் பெயர் மாறி, நொடிப்புநிலைச் சட்டம் 1967 என்று ஆனது. திவால் நோட்டீஸைப் பற்றிப் பேசுவது அதன் 3ஆம் பிரிவு. அதில் ஒரே நீண்ட வாக்கியத்தில் பல நிபந்தனைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நோட்டீஸ் செல்லுமா என்று கேட்பது, பெரும்பாலும் அந்த வாக்கியத்திலுள்ள ஒவ்வொரு நிபந்தனையும் நிறைவேறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

அதைப் பார்க்க வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. தீர்ப்பின் நகலை எடுத்து நோட்டீஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் உள்ள பெயர், வழக்கு எண், தேதி, தொகை, வட்டி விகிதம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நோட்டீஸ் தானாக ஒரு கடனை உருவாக்க முடியாது. தீர்ப்பு என்ன கொடுத்ததோ அதைத்தான் கேட்க முடியும். தீர்ப்பில் இல்லாத ஒன்றை அது கேட்டால், கேள்வி அங்கேயே எழுகிறது. தீர்ப்பின் நகல் கையில் இல்லையென்றால், அது வந்த நீதிமன்றத்தில் கேட்டு வாங்கலாம்.

எந்தத் தீர்ப்பை வைத்து நோட்டீஸ் விடலாம்?

தீர்ப்பு இறுதியானதாக இருக்க வேண்டும். முழு விசாரணை நடந்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. எதிர்வாதி வராததால் கொடுத்த தீர்ப்பு, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பதிவுசெய்த தீர்ப்பு, விசாரணை இல்லாமல் சுருக்கமாகக் கொடுத்த தீர்ப்பு எல்லாமே இதற்குள் வரும். மாஜிஸ்திரேட் நீதிமன்றமோ செஷன்ஸ் நீதிமன்றமோ கொடுத்த தீர்ப்பையும் அடிப்படையாகக் கொள்ளலாம். திவால் நடவடிக்கை மட்டும் உயர் நீதிமன்றத்தில் நடக்கும்.

அடுத்தது, தீர்ப்பை நிறைவேற்றுவதற்குத் தடை இருக்கக் கூடாது. பலரும் இடறுவது இந்த இடத்தில்தான். 'நான் மேல்முறையீடு செய்திருக்கிறேனே, அப்புறம் எப்படி நோட்டீஸ் விட்டார்கள்?' என்று கேட்பார்கள். மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கும்படி தனியாக விண்ணப்பித்து, நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்திருந்தால் மட்டுமே அது நோட்டீஸைத் தடுக்கும். அப்படித் தடை நடப்பில் இருக்கும்போது வெளியிட்ட நோட்டீஸ் செல்லாது.

தீர்ப்பின் வயதையும் பாருங்கள். 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, ஒரு தீர்ப்பை நிறைவேற்றக்கூடிய நாள் வந்ததிலிருந்து 12 ஆண்டு கடந்துவிட்டால் அதன் பேரில் நடவடிக்கை எடுக்க முடியாது. பழைய வங்கிக் கடன்களில் இது அவ்வப்போது தலைகாட்டும். பெரிய தொகைக் கடன்கள் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுவதும் நடக்கிறது. தீர்ப்பு ஒரு வங்கியின் பெயரில் இருந்து, நோட்டீஸ் வேறொரு பெயரில் வந்தால், அந்த உரிமை எப்படி மாறியது என்று கேட்கக் கடனாளிக்கு எல்லா நியாயமும் உண்டு.

தொகையின் அளவும் முக்கியம். திவால் மனுப் போட வேண்டுமானால் கடன் குறைந்தது 100,000 ரிங்கிட் இருக்க வேண்டும். 2017இல் இந்த வரம்பு 30,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ஆனது. பெருந்தொற்றுக் காலத்தில் தற்காலிகமாக 100,000க்கு உயர்த்தி, 2021 செப்டம்பர் 1 முதல் அதையே நிரந்தரமாக்கினார்கள். கடன் அட்டை பாக்கி 40,000 ரிங்கிட் வைத்திருப்பவரை 'திவாலாக்கிவிடுவோம்' என்று தொலைபேசியில் மிரட்டும் வசூல் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஒரு கடனை மட்டும் வைத்து இன்றைய சட்டத்தில் அது நடக்காது. ஆனால் கவனம்: ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் கடன்களைச் சேர்த்துக் கூட்டாக மனுப் போட வழி உண்டு.

தொகை தவறாக இருந்தால்

நோட்டீஸ்களில் அதிகம் தகராறு வருவது தொகையில்தான், அதிலும் வட்டியில். வட்டி, நோட்டீஸ் வெளியிடப்பட்ட தேதி வரை கணக்கிடப்பட்டு ரிங்கிட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். காரணம் எளிது. 7 நாளுக்குள் கட்டு என்று ஒருவரிடம் சொல்லும்போது, எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அவருக்கு ஐயமில்லாமல் தெரிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தீர்ப்புத் தொகை 110,000 ரிங்கிட். அதன் மேல் தீர்ப்பு நாளிலிருந்து ஆண்டுக்கு 5% தனிவட்டி. சரியாக 2 ஆண்டு கழித்து நோட்டீஸ் வெளியாகிறது. இடையில் கடனாளி எதுவும் கட்டவில்லை. ஆண்டுக்கு 5,500 வீதம் வட்டி 11,000. மொத்தம் 121,000. நோட்டீஸில் 129,000 என்று இருந்தால், மிச்சம் 8,000 எங்கிருந்து வந்தது? தீர்ப்பில் உள்ளதைவிடக் கூடுதல் விகிதத்தில் வட்டி போட்டிருக்கலாம், தீர்ப்பில் சொல்லாத வழக்கறிஞர் கட்டணத்தைச் சேர்த்திருக்கலாம். கடனாளி இடையில் பணம் கட்டியிருந்த வழக்குகளில் அதைக் கழிக்காமல் விடுவதும் உண்டு. இன்னொன்று, தீர்ப்புக் கடனுக்கான வட்டி பாக்கியை அது சேர வேண்டிய நாளிலிருந்து 6 ஆண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது. ஆகவே பத்து ஆண்டுப் பழைய தீர்ப்பு ஒன்றுக்கு முழுப் பத்து ஆண்டு வட்டியும் கேட்டிருந்தால், அதுவும் கூடுதல் தொகைதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தொகை கூடுதலாக இருப்பதால் மட்டும் நோட்டீஸ் தானாகச் செல்லாமல் போய்விடாது. இந்தத் தவறைக் காரணம் காட்டி, நோட்டீஸின் செல்லுபடியையே தான் மறுப்பதாகக் கடனாளி அந்த 7 நாளுக்குள் கடன் கொடுத்தவருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால்தான் அது ஒரு வாதமாக உயிர்பெறும். அறிவிக்காமல் விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து மனு விசாரணையில் 'கணக்கே தப்பு' என்று சொன்னால், காலம் கடந்துவிட்டது என்ற பதில்தான் கிடைக்கும். இந்த அறிவிப்பை நோட்டீஸில் உள்ள கடன் கொடுத்தவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். 'எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், தவணையில் கட்டுகிறேன்' என்று எழுதுவது இந்த அறிவிப்பு ஆகாது. 8,000 ரிங்கிட் கூடுதலாகக் கேட்டிருக்கிறீர்கள், கணக்கு இதோ, இதனால் நோட்டீஸ் செல்லாது என்கிறேன் என்று நேராகச் சொல்ல வேண்டும்.

சட்டம் இதில் கடனாளிக்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. அவர் அப்படி மறுப்பு அனுப்பாவிட்டாலும், உண்மையில் கட்ட வேண்டிய 121,000 ரிங்கிட்டை அந்த 7 நாளுக்குள் கட்டிவிட்டால், நோட்டீஸில் 129,000 என்று இருந்தாலும் அதற்கு இணங்கிவிட்டதாகவே கருதப்படுவார். பணம் உள்ளவருக்குத்தான் இது பயன்படும் என்பது உண்மை. ஆனாலும் கூடுதலாகக் கேட்டதைக் கட்டித்தான் தப்பிக்க வேண்டும் என்ற நிலை இல்லை என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கையில் வந்து சேர்ந்த விதம்

திவால் நோட்டீஸ் கடனாளியின் கையில் நேரடியாகச் சேர்க்கப்பட வேண்டும். பக்கத்து வீட்டில் கொடுப்பது, தபால் பெட்டியில் போடுவது, அலுவலக வரவேற்பில் விட்டுவிட்டுப் போவது எதுவும் நேரடிச் சேர்ப்பு ஆகாது. வெளியிட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் நீதிமன்றத்தில் காலநீட்டிப்புப் பெற வேண்டும். கடனாளி வெளிநாட்டில் இருந்தால், அங்கே சேர்க்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அப்போது கெடுவும் 7 நாள் அல்ல, அனுமதி உத்தரவில் சொல்லியிருக்கும் காலம்தான்.

ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் மாற்று வழிச் சேர்ப்பு என்று ஒன்று உண்டு. நாளிதழில் விளம்பரம் போடுவது, கடைசியாகத் தெரிந்த முகவரியின் கதவில் ஒட்டுவது, நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என நீதிமன்றம் சொல்லும் வழியில் செய்யலாம். முன்பெல்லாம் இந்த உத்தரவைப் பெறுவது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. வீடு மாறிப் போனவர், பழைய முகவரியில் ஒட்டிய தாளைக் கண்ணால்கூடப் பாராமல் திவாலாகிவிடுவார். வெளிநாடு கிளம்பும்போது குடிநுழைவு கவுண்டரில் தடுத்து நிறுத்தப்பட்ட பிறகுதான் விஷயமே தெரியவரும். 2017 திருத்தம் இதைச் சரிசெய்தது. நேரடிச் சேர்ப்பைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ தப்பிக்கவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு கடனாளி நாட்டை விட்டுப் போயிருக்கிறார், வீட்டை விட்டு விலகி இருக்கிறார், வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார் என்பது போன்ற ஒன்றைக் கடன் கொடுத்தவர் நீதிமன்றம் ஏற்கும்படி நிரூபித்தால்தான் இப்போது மாற்று வழிச் சேர்ப்புக்கு அனுமதி கிடைக்கும். 'இரண்டு தடவை போனோம், ஆள் இல்லை' என்பது மட்டும் போதாது. ஒரு மனிதரின் சட்ட நிலையையே மாற்றும் நடவடிக்கை அவருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. அந்தத் திருத்தத்தில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இதுதான்.

இதை வைத்து, சேர்ப்பவரைக் கண்டால் ஓடி ஒளியலாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஒளிந்தார் என்பதே மாற்று வழிச் சேர்ப்புக்குத் தேவையான ஆதாரமாகிவிடும். அப்புறம் நாளிதழ் விளம்பரத்தோடு கெடு ஆரம்பித்துவிடும்.

எழுத்துப் பிழை இருந்தால் தப்பித்துவிடலாமா?

பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, முகவரியில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது. இதைப் பார்த்ததும் 'நோட்டீஸ் செல்லாது' என்று துள்ளுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். சட்டத்தின் 131ஆம் பிரிவு, வெறும் வடிவக் குறையாலோ முறைகேட்டாலோ திவால் நடவடிக்கை செல்லாமல் போகாது என்கிறது. அந்தக் குறையால் கணிசமான அநீதி விளைந்திருக்கிறது, அதை நீதிமன்றத்தின் வேறெந்த உத்தரவாலும் சரிசெய்ய முடியாது என்று நீதிமன்றம் கருதினால்தான் கதை மாறும். ஆக, பிழை இருக்கிறதா என்பதோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் பிழை, யாரிடம் கேட்கிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதில் கடனாளியைக் குழப்பியதா என்றும் பார்க்க வேண்டும். கடனாளியின் பெயரில் சிறு எழுத்து மாற்றம் யாரையும் குழப்பாது. கட்டாவிட்டால் என்ன விளைவு என்ற எச்சரிக்கையே நோட்டீஸில் இல்லாவிட்டால் அது வேறு விஷயம். அந்த எச்சரிக்கை இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

கடன் வாங்கியவர் அல்லாமல், உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவருக்கு நோட்டீஸ் வந்தால் அங்கே தனி விதிகள். தம்பியின் படிப்புக் கடன், குடும்பத்தின் வீட்டுக் கடன், சொந்த உபயோகத்துக்காக வாடகைக் கொள்முதலில் (தவணை கட்டி முடித்ததும் சொந்தமாகும் முறையில்) எடுத்த கார் ஆகியவற்றுக்கு எந்த லாபமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டவரைச் சட்டம் சமூக உத்தரவாதக்காரர் என்று பிரிக்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு அவர் மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கவே முடியாது. தொழில் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் போன்ற மற்ற உத்தரவாதக்காரர் மீது தொடங்க, நீதிமன்ற அனுமதி வேண்டும். அதற்கு முன், கடன் வாங்கியவரிடமிருந்து வசூலிக்க எல்லா வழியையும் முயன்று பார்த்ததாகக் காட்ட வேண்டும். நட்புக்காகவும் உறவுக்காகவும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த விதியைத்தான்.

எதிர்ப்பது எப்படி, எதை எதிர்க்க முடியாது?

கடன் கொடுத்தவர் தனக்கும் கடன்பட்டிருக்கிறார் என்று கடனாளி சொல்லலாம். சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் இரண்டு நிபந்தனையோடு. அந்த எதிர்க்கோரிக்கை தீர்ப்புத் தொகைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். அதைத் தீர்ப்பு வந்த வழக்கிலேயே எழுப்ப முடியாமல் போயிருக்க வேண்டும். ஒரு கட்டுமானக் குத்தகைக்காரர் மீது பொருள் சப்ளையர் 150,000 ரிங்கிட்டுக்குத் தீர்ப்பு வாங்கியிருக்கிறார். தீர்ப்புக்குப் பிறகு, வேறொரு வேலையில் அதே சப்ளையர் கொடுத்த மோசமான பொருளால் குத்தகைக்காரருக்கு 200,000 நஷ்டம். இது பொருந்தும். முந்தைய வழக்கிலேயே சொல்லியிருக்கக் கூடிய ஒன்றை மறந்தோ சோம்பலாலோ விட்டிருந்தால் பொருந்தாது. பொருந்தும் எதிர்க்கோரிக்கைக்கும் 7 நாளுக்குள் ஆதாரங்களோடு அபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) தாக்கல் செய்ய வேண்டும்.

'அந்தத் தீர்ப்பே தப்பு, எனக்கு சம்மனே வரவில்லை' என்பது வேறு வகை வாதம். அதை நோட்டீஸை எதிர்க்கும் இடத்தில் சொல்லிப் பயனில்லை. தீர்ப்புக் கொடுத்த நீதிமன்றத்துக்கே போய், அதை ரத்துசெய்யக் கோரி, அதுவரை நிறைவேற்றத்துக்குத் தடையும் கேட்க வேண்டும். அதையும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்.

நாள் எண்ணுவதில் கஞ்சத்தனமாக இருங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த நாளை விட்டு அடுத்த நாளிலிருந்து எண்ணுவார்கள். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் கழியும் என்று நம்பி உட்கார வேண்டாம். வந்த அன்றே தேதியையும் நேரத்தையும் யார் கொடுத்தார் என்பதையும் நோட்டீஸின் மூலையிலேயே குறித்துவிடுங்கள். மறுநாளே வழக்கறிஞரைப் பாருங்கள். வசூல் செய்பவரிடம் ஒரு சிறு தொகையைக் கட்டிவிட்டு, 'வாங்கிக்கொண்டார்களே, இனிப் பிரச்சினை இல்லை' என்று இருந்துவிடுவதும் ஆபத்து. அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட உடன்பாடு இல்லாமல், பகுதித் தொகை கெடுவை நிறுத்தாது.

நோட்டீஸ் ரத்தானால் என்ன மிச்சம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், 'நோட்டீஸை உடைத்துக் கொடுக்கிறேன்' என்று கட்டணம் வாங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை. ரத்தாவது நோட்டீஸ் மட்டுமே, தீர்ப்பு அப்படியே நிற்கிறது. வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கிறது. கடன் கொடுத்தவர் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம், கடனாளியின் வங்கிக் கணக்கிலுள்ள பணத்தைத் தன் பக்கம் திருப்பிவிடக் கோரலாம், தொகையைத் திருத்திப் புது நோட்டீஸும் விடலாம். புது நோட்டீஸ் கைக்கு வந்ததும் இன்னொரு 7 நாள் ஆரம்பிக்கும். அதனால் கிடைத்த இடைவெளியைப் பேச்சுவார்த்தைக்குப் பயன்படுத்துவது நல்லது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கீழுள்ள கடன் ஆலோசனை அமைப்பான அகேபிகே (AKPK), ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. 2017 திருத்தம் கொண்டுவந்த தன்னார்வ ஏற்பாடு என்ற வழியில், கடன் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு திருப்பிச் செலுத்தும் திட்டத்தை முன்வைத்து, அது பரிசீலிக்கப்படும் காலத்துக்கு நீதிமன்றத்தின் இடைக்காலப் பாதுகாப்பையும் கேட்கலாம். ஆனால் திவால் உத்தரவு வந்த பிறகு இந்தக் கதவு மூடிவிடும். நோட்டீஸை எதிர்க்கப்போகிறீர்களா இல்லையா என்பது எப்படி இருந்தாலும், முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் இதைப் பற்றியும் கேளுங்கள்.